தேன் அறை ஏறும் நாள்

மரப்பெட்டியில் வளர்க்கப்படும் தேனீக் குடும்பம், தன் தேவைக்கு மிஞ்சிய தேனைச் சேர்ப்பது ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே. அந்த வாரங்களில் அதற்கு எவ்வளவு இடம், எந்தக் கட்டத்தில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே வளர்ப்பவருக்குக் கிடைக்கும் தேனின் அளவு அமைகிறது. இடம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டால் குடும்பம் குளிரில் நலிகிறது. பிந்திக் கொடுக்கப்பட்டால் அது இரண்டாகப் பிரிந்து, பாதித் தேனீக்கள் பழைய இராணியுடன் பறந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்களை அறிந்துகொள்வதே பெட்டித் தேனீ வளர்ப்பின் நடுநாயகமான திறன் எனலாம். இடுக்கி மாவட்டத்தின் பள்ளிவாசல் போன்ற மலைச்சரிவுகளில் இந்தத் திறன் கூடுதல் சோதனைக்கு உள்ளாகிறது. ஏனெனில் அங்கே பூக்காலம் எல்லா உயரத்துக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

பெட்டியின் அமைப்பு

தேன் பெட்டியின் அடிப்பலகைமேல் அமர்ந்திருப்பது புழு அறை. இராணி முட்டையிடுவதும், முட்டையிலிருந்து புழுவும் கூட்டுப்புழுவும் வளர்வதும் இந்த அறையின் அடைகளில்தான். அதன்மேல் தேன் வரத்துக் காலத்தில் மட்டும் ஏற்றப்படும் ஆழம் குறைந்த பெட்டி தேன் அறை எனப்படுகிறது. வளர்ப்போர் பேச்சில் இது 'சூப்பர்' என்றும் வழங்கும். மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ வாழும் தேனீக்களும் அடையின் மேற்பகுதியில் தேனையும், அதையொட்டி மகரந்தத்தையும், கீழ்ப்பகுதியில் புழுக்களையும் வைப்பதே இயல்பு. அந்த இயல்பைப் பின்பற்றித் தேன் பகுதியைத் தனிப் பெட்டியாகப் பிரித்தெடுத்ததால், புழுக்களுக்குச் சேதமில்லாமல் தேனை மட்டும் எடுக்க முடிகிறது.

இதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பு 1851ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்கப் பாதிரியாரான லாங்ஸ்ட்ராத், தேனீக்கள் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியை மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் நடமாடும் வழியாக விட்டுவைக்கின்றன என்பதைப் பயன்படுத்தி, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்தார். ஆனால் அவருடைய பெட்டி ஐரோப்பியத் தேனீக்கான அளவுடையது. தென்னிந்தியாவில் காலங்காலமாக வாழும் அடுக்குத் தேனீயாகிய ஏபிஸ் செரானா இண்டிகா உடலிலும் குடும்ப எண்ணிக்கையிலும் சிறியது என்பதால் அதற்கு அந்தப் பெட்டி பெரிதாகிவிடும். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் 1910களில் இந்தத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை உருவாக்கி, கிராம மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். புழு அறையில் ஏழு சட்டங்களும், மேலே அவற்றில் பாதிக்கும் குறைவான உயரமுடைய சட்டங்களைக் கொண்ட தேன் அறையும் உடைய நியூட்டன் பெட்டியே, மார்த்தாண்டம் முதல் இடுக்கி வரை இன்றும் பரவலாகப் புழங்கும் வகைக்கு அடிப்படை. தேன் அறையின் இந்தக் குறைந்த உயரம் கருத்தில் கொள்ளத்தக்கது: சிறிய குடும்பத்துக்கு இடத்தைச் சிறு சிறு பகுதிகளாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அந்தப் பெட்டியின் அளவிலேயே அடங்கியிருக்கிறது.

நாற்பது நாள் கணக்கு

தேன் அறையை நிரப்புபவை வயலுக்குச் சென்று மதுரம் கொண்டுவரும் முதிர்ந்த பணித் தேனீக்கள். மதுரம் என்பது செடிகள் சுரக்கும் இனிப்பு நீர். அது கூட்டுக்குள் வற்றிப் பக்குவப்பட்ட பிறகே தேனாகிறது. அடுக்குத் தேனீயின் பணித் தேனீ, முட்டையில் மூன்று நாட்களும், புழுவாக ஏறத்தாழ ஐந்து நாட்களும், அடையின் மூடிய சிற்றறைக்குள் கூட்டுப்புழுவாகப் பதினொரு அல்லது பன்னிரண்டு நாட்களும் கழித்து, சுமார் இருபதாம் நாளில் வெளிவருகிறது. வெளிவந்தவுடன் அது வயலுக்குப் போவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் அறைகளைத் துப்புரவு செய்தல், புழுக்களுக்கு ஊட்டுதல், மெழுகு சுரந்து அடை கட்டுதல், வந்த மதுரத்தை வாங்கிப் பக்குவப்படுத்துதல் ஆகிய உள்வேலைகளில் கழிகின்றன. ஆக, இன்று இடப்படும் முட்டை மதுரம் சுமக்கும் தேனீயாக மாற ஏறக்குறைய நாற்பது நாட்கள் தேவை.

இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் மதுர வரத்து தொடங்கும் இடத்தில், அதைச் சுமக்கப்போகும் தேனீக்கள் டிசம்பர் கடைசி வாரத்திலேயே முட்டையாக இடப்பட்டிருக்க வேண்டும். கேரளத்தில் அக்டோபர் முதல் ஜனவரி வரை வளர்ச்சிப் பருவம், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் பருவம், மே முதல் செப்டம்பர் வரை பஞ்ச காலம் என்று வளர்ப்போர் பொதுவாக மூன்றாகப் பகுப்பதன் பொருளும் இதுவே. வளர்ச்சிப் பருவத்தில் குடும்பம் பெருகாவிட்டால், உரிய நாளில் ஏற்றப்பட்ட தேன் அறையும் வெற்றுப் பெட்டியாகவே நிற்கும். ஆகவே தேன் அறைக்கான ஆயத்தம், அது ஏற்றப்படுவதற்கு ஆறு வாரங்கள் முன்பே, முட்டையிடத் தக்க இடமும் உணவும் இராணியின் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்வதில் தொடங்கிவிடுகிறது.

மதுரத்துக்கு இடம், தேனுக்கு இடம்

இரண்டாவது கணக்கு கொள்ளளவு பற்றியது. பூவிலிருந்து வரும் மதுரத்தில் சர்க்கரை 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 80 விழுக்காடு சர்க்கரையுள்ள ஒரு கிலோ தேன் உருவாக ஏறத்தாழ 2.7 கிலோ மதுரம் வந்து சேர வேண்டும். மிச்சமெல்லாம் நீராவியாக வெளியேறுகிறது. நீர் விரைந்து வற்றுவதற்காகத் தேனீக்கள் மதுரத்தை ஒரே சிற்றறையில் நிறைத்து வைக்காமல் பல சிற்றறைகளில் சிறிது சிறிதாகப் பரப்பி, சிறகடித்துக் காற்றோட்டம் உண்டாக்குகின்றன. எனவே வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்களில் குடும்பத்துக்குத் தேவைப்படும் வெற்றிடம், முடிவில் கிடைக்கும் தேனின் கொள்ளளவைப் போல் பல மடங்கு. அறுவடைத் தேனை மட்டும் மனத்தில் வைத்து இடம் கணக்கிடுபவர் பற்றாக்குறையில்தான் முடிவார்.

வெற்றிடம் குறையும்போது கூட்டுக்குள் நடப்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சீலி, கண்ணாடிச் சுவருள்ள கூடுகளில் ஐரோப்பியத் தேனீக்களை வைத்து விரிவாக ஆராய்ந்தார். வயலிலிருந்து திரும்பும் தேனீ மதுரத்தைத் தானே அறையில் ஊற்றுவதில்லை. உள்ளே காத்திருக்கும் இளைய தேனீ ஒன்றிடம் வாய் வழியே ஒப்படைக்கிறது. அவ்வாறு வாங்கிக்கொள்ள ஒரு தேனீ சுமார் 20 விநாடிக்குள் கிடைத்துவிட்டால், திரும்பி வந்த தேனீ பெரும்பாலும் பூக்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் அறிவிக்கும் ஆட்டத்தை ஆடி மற்றவற்றையும் வேலைக்கு அழைக்கிறது. 50 விநாடிக்கு மேல் தேட நேர்ந்தால், அது உடல் நடுங்கியபடி கூட்டுக்குள் அலைந்து, மதுரம் வாங்கும் வேலைக்குக் கூடுதல் தேனீக்களைத் திரட்டுகிறது. அதே வேளையில் புதிய தேனீக்களை வயலுக்கு அழைக்கும் ஆட்டங்கள் குறைகின்றன. இந்த நடுக்க ஆட்டத்தைக் கார்ல் வான் ஃபிரிஷ் 1920களிலேயே கண்டு எழுதியிருந்தாலும், அதன் பயன் தெளிவானது 1992இல் சீலியின் ஆய்வுக்குப் பிறகுதான். வாங்கும் தேனீக்கள் மதுரத்தை வைக்க அறை தேடி அலையும்போது அடுத்த சுமையை வாங்கத் தாமதமாகிறது. அந்தத் தாமதமே வயலுக்கு எட்டும் செய்தியாகி, வெளியே பூக்கள் நிறைந்திருக்கும்போதே வரத்தைத் தளர்த்திவிடுகிறது.

வெற்று அடையே சேமிப்பைத் தூண்டும் என்பதை 1970களின் இறுதியில் தாமஸ் ரிண்டரரும் அவருடைய குழுவினரும் சோதனை வழியே காட்டினர்: வெற்று அடை அதிகம் கொடுக்கப்பட்ட குடும்பங்கள் அதிகத் தேனைச் சேர்த்தன. எனினும் இந்த முடிவை அடுக்குத் தேனீக்கு அப்படியே பொருத்துவது ஆபத்து. ஐரோப்பியத் தேனீயின் பெருங்குடும்பம் தாங்கும் வெற்றிடத்தைச் சில ஆயிரம் தேனீக்களே கொண்ட அடுக்குத் தேனீக் குடும்பம் தாங்காது.

முந்தினால்

புழுக்கள் நலமாக வளரப் புழு அறையின் நடுப்பகுதி 34 அல்லது 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். தேனீக்கள் அடைமேல் நெருங்கி அமர்ந்து, பறக்கும் தசைகளைச் சிறகசைக்காமல் இயக்கி இந்த வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதற்கான எரிபொருள் அவை சேமித்த தேன். வெப்பக் காற்று மேலெழும் என்பதால், புழு அறையின் தலைமேல் வெற்றுப் பெட்டி ஏறியவுடன் அந்த வெப்பம் அங்கே போய்த் தேங்குகிறது. மூணாற்றைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் ஜனவரி மாதத்தில் உறைபனி விழுவது வழக்கம். பள்ளிவாசலின் மேற்பகுதிகளிலும் அந்த மாதத்து இரவுகள் கடுங்குளிரானவை. அத்தகைய இரவில் தேவையற்ற தேன் அறையைச் சுமக்கும் குடும்பம், இழந்த வெப்பத்தை ஈடுகட்டக் கூடுதல் தேனை எரிக்கிறது. அல்லது புழுப்பரப்பைச் சுருக்கிக்கொள்கிறது. இரண்டில் எது நடந்தாலும், நாற்பது நாட்களுக்குப் பின் வயலுக்குச் செல்ல வேண்டிய படை சிறுக்கிறது.

வெற்றிடத்தின் மற்றோர் ஆபத்து மெழுகு அந்துப்பூச்சி. தேனீக்கள் நெருங்கி அமர்ந்து காக்கும் அடையில் இந்தப் பூச்சியின் புழு எளிதில் பிழைக்காது. காவலற்ற பழைய அடையிலோ அது மெழுகுக்குள் குடைந்து சென்று, வெண்ணிற நூலாம்படையையும் கரிய எச்சத்தையும் விட்டு, சில வாரங்களில் அடையைச் சல்லடையாக்கிவிடும். அடுக்குத் தேனீ, பூச்சித் தொல்லையும் பசியும் மிகும்போது புழு அடைகளையே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஓடிப்போகும் இயல்புடையது என்பதால் இந்த இழப்பு ஓர் அடையோடு நிற்பதில்லை.

பிந்தினால்

தாமதத்தின் விளைவு புழு அறையில் தொடங்குகிறது. மேலே இடமில்லாதபோது வந்த மதுரம், புழு வெளியேறிக் காலியான அறைகளில் ஊற்றப்படுகிறது. இராணி முட்டையிடத் தேடும் அறைகளும் அவையே. முட்டைப் பரப்பு குறைய, புழுக்களுக்கு ஊட்டும் இளம் தேனீக்கள் வேலையின்றிக் கூட்டுக்குள் குவிகின்றன. 1950களில் காலின் பட்லர் கண்டறிந்தபடி, இராணியின் உடலில் சுரக்கும் வேதிப்பொருளைத் தேனீக்கள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்வதால்தான் குடும்பம் தனக்கு இராணி இருப்பதை உணர்ந்து புதிய இராணியை வளர்க்காமல் இருக்கிறது. நெரிசலான கூட்டில் அந்தப் பொருள் எல்லாத் தேனீக்களுக்கும் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. விளைவாக அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் தோன்றுகின்றன. அவற்றுள் முதலாவது மூடப்படும் வேளையில் பழைய இராணி பெருங்கூட்டத்துடன் வெளியேறுகிறது. குடி பிரிதல் எனப்படும் இந்நிகழ்வு இயற்கையில் தேனீக் குடும்பத்தின் இனப்பெருக்கம். தேன் பருவத்தில் வளர்ப்பவருக்கோ அந்த ஆண்டின் விளைச்சல் போய்விட்டது என்பதன் அறிவிப்பு. இராணி அறைகள் தோன்றிய பிறகு தேன் அறையை ஏற்றுவது பெரும்பாலும் பயனளிக்காது. இடம் கொடுக்க வேண்டிய நாள் அதற்கு ஓரிரு வாரங்கள் முன்னதாகவே கடந்துவிட்டிருக்கும்.

சரிவில் ஏறும் பூக்காலம்

தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த பள்ளிவாசல், அடிமாலியிலிருந்து மூணாற்றுக்கு ஏறும் சாலையில், முதிரப்புழையாற்றை ஒட்டிய சரிவுகளில் பரந்து கிடக்கிறது. 1940இல் இயங்கத் தொடங்கிய, கேரளத்தின் முதல் நீர்மின் திட்டத்தால் அறியப்பட்ட ஊர். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடுடைய இந்தப் பாதையில், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி என்ற அளவில் வெப்பம் குறைவதால், அடிவாரத்தில் தேன் அறை நிரம்பும் நாளில் மேலே அதை ஏற்றுவதற்கான காலமே வராமலிருக்கலாம்.

அடிவாரத்தில், தொடுபுழை, நேரியமங்கலம் பக்கங்களில், தேன் தருவது ரப்பர். டிசம்பர் முதல் இலையுதிர்க்கும் ரப்பர் மரம் ஜனவரி, பிப்ரவரியில் தளிர்க்கிறது. செம்பு நிறத்தில் தொங்கும் தளிர் வெளிர்பச்சையாக மாறும் கட்டத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்பும் சேரும் முனையில் உள்ள சுரப்பிகளில் மதுரம் துளிர்க்கிறது. இலை கரும்பச்சையாக முற்றியதும் வரத்து ஓய்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வளர்ப்போர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வருவது இந்த வரத்தை நம்பித்தான். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தளிர் விடும் வேளையில் மழையும் மூட்டமும் நீடித்தால் சாம்பல் நோய் பரவி இளந்தளிர் உதிர்ந்துவிடும். மதுரமும் அதோடு போய்விடும். மேலும் இது பூவின் மதுரம் இல்லையாதலால் இதனுடன் மகரந்தம் வருவதில்லை. புழுக்களுக்கான புரதத்தைக் குடும்பம் வேறு செடிகளில் தேட வேண்டியிருக்கிறது.

சற்று மேலே காப்பித் தோட்டங்களில் கணக்கு நாட்களில் அளக்கப்படுகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எப்போதாவது பெய்யும் பூமழைக்கு ஒரு வாரம், பத்து நாட்களில் மொட்டுகள் ஒருசேர விரிந்து, மூன்று நான்கு நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. இத்தனை குறுகிய வரத்தில், பூ விரிந்த பின் தேன் அறையைத் தேடுவது பந்தி முடிந்தபின் இலை போடுவது போன்றது. மழை பெய்த நாளே ஆயத்த நாள். பள்ளிவாசலின் மேற்பகுதியிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் நிழலுக்காக நடப்பட்ட சில்வர் ஓக், கோடை தொடங்கும்போது பொன்மஞ்சள் பூக்களால் மதுரம் தருகிறது. தேயிலை உலர்த்தும் விறகுக்காக வளர்க்கப்பட்ட, உள்ளூரில் 'கிராண்டிஸ்' என்றே அறியப்படும் யூக்கலிப்டஸ் தோப்புகளும் தேனீக்களுக்கு உதவுகின்றன. மேலைநாட்டு நூல்கள் வசந்தம் என்று பொதுவாகச் சொல்லும் பருவம் இங்கே அடிவாரத்தில் பின்பனியிலும், மேட்டில் இளவேனிலிலும் வருகிறது.

ஏலத்தோட்டங்கள் இந்த ஒழுங்கையும் மீறுகின்றன. ஏலம் அதிகம் பூப்பது தென்மேற்குப் பருவமழை மாதங்களில்; விடியலில் விரியும் அதன் பூவுக்கு ஒரு நாளே ஆயுள். மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் இந்த மலைத்தொடரில், ஏலக்காய் காய்ப்பதற்குத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கை இன்றியமையாதது. ஆனால் மழை விட்ட காலைப்பொழுதுகளில் மட்டுமே தேனீ பறக்க முடியும் என்பதால், பூ நிறைந்திருந்தும் கூட்டுக்குள் வரும் மதுரம் விட்டுவிட்டு வருகிறது. அப்போது தேன் அறையை ஏற்றுவதை விட, புழு அறையில் சேரும் தேனை அங்கேயே விட்டுவைப்பதே பெரும்பாலும் அறிவுடைமை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலைமுழுதும் பூக்கும் ஆண்டில் மட்டும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூ நீடிப்பதால் பஞ்ச காலத்தின் பிற்பகுதி தேன் காலமாகத் தலைகீழாகிறது. 2006க்குப் பிறகு 2018இல் அந்த வாய்ப்பு வந்தபோது, ஆகஸ்ட் மாதத்துப் பெருமழையும் வெள்ளமும் பூப்பைத் தடுமாற வைத்தன. ஆண்டுக் குறிப்பேட்டை மட்டும் நம்பித் தேன் அறை ஏற்றுவதன் எல்லை அந்த ஆண்டில் வெளிப்பட்டது.

அடையில் தெரியும் அடையாளங்கள்

உயரத்துக்கு உயரம் நாள் மாறுவதால், முடிவு செய்ய வேண்டிய இடம் பெட்டியின் உட்புறமே. வெயில் ஏறிய காலையில் மேல்மூடியை அகற்றிப் பார்க்கும்போது, ஏழு சட்டங்களிலும் இடைவெளி தெரியாதபடி தேனீக்கள் நிறைந்திருக்க வேண்டும். ஓரச் சட்டங்கள் வெறுமையாக இருந்தால் காலம் வரவில்லை என்று பொருள். நடுச்சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், மூடிய புழுச் சிற்றறைகள் இடையிடையே ஓட்டையின்றிப் பரந்திருப்பதும், அவற்றுக்கு மேலே வில்போல் வளைந்த தேன் பட்டை அகலமாகி வருவதும், சட்டத்தைச் சற்றே சாய்த்தாலும் திறந்த அறைகளிலிருந்து நீர்த்த மதுரம் துளித்துளியாகச் சிந்துவதும் வரத்து தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன. எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் புது மெழுகு. பழைய அடை பழுப்பாக இருக்க, அதன் மேல் விளிம்பிலும் சட்டத்தின் மேற்கட்டையிலும் பால்வெண்மையான புது மெழுகு பொருத்தப்பட்டிருந்தால், மெழுகு சுரக்கும் பருவத்துத் தேனீக்கள் போதிய எண்ணிக்கையில் இருப்பதும், அவற்றுக்கு மிஞ்சிய சர்க்கரை கிடைப்பதும், கட்ட இடமில்லாமல் இருப்பதும் ஒருசேரத் தெரிகின்றன. வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள நான்கு இணைச் சுரப்பிகளில் மெழுகு உண்டாக்கப் பெருமளவு தேன் செலவாவதால், வரத்தில்லாத குடும்பம் இந்த வேலையில் இறங்குவதில்லை.

இந்த அடையாளங்கள் கண்ட ஓரிரு நாட்களுக்குள் தேன் அறை ஏறலாம். முந்தைய ஆண்டில் தேன் பிழிந்தெடுத்துப் பத்திரப்படுத்திய அடைகள் இருந்தால், புது அடை கட்டும் செலவு மிச்சமாகிறது. இல்லாதபோது, சட்டத்தில் மெழுகுத் தாள் பொருத்தி வைக்கப்படுகிறது. குடும்பத்தைப் பெருக்கச் சர்க்கரைப் பாகு ஊட்டப்பட்டிருந்தால், அது தேன் அறை ஏறுவதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடில் பாகும் தேனோடு தேனாக மேலே ஏறிவிடும். முதல் தேன் அறை முக்கால் பங்கு நிறைந்ததும் இரண்டாவதைப் புழு அறைக்கும் முதல் தேன் அறைக்கும் நடுவே வைப்பது ஒரு முறை: மேலே போகும் தேனீக்கள் வெற்று அடைகளைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால் அவை விரைவில் ஏற்கப்படுகின்றன. இரவுக் குளிர் நீங்காத மேட்டுப் பகுதியில் புதியதை உச்சியில் வைப்பதே பாதுகாப்பு, ஏனெனில் புழுக்களின் தலைமேல் நிறைந்த தேன் வெப்பத்தைத் தாங்கும் போர்வையாக இருந்துவிடுகிறது.

நிறுத்தும் நாள்

ஏற்றும் நாளுக்கு இணையான முக்கியத்துவம் ஏற்றாமல் நிறுத்தும் நாளுக்கும் உண்டு. வரத்து தளரும்போது புது மெழுகு தோன்றுவது நின்று, சட்டத்தைச் சாய்த்தாலும் மதுரம் சிந்தாத நிலை வருகிறது. அப்போது மேலும் இடம் கொடுத்தால், இருக்கும் மதுரம் பல சட்டங்களில் சிதறி எதுவும் பக்குவப்படாமல் போகும். இடத்தை நிறுத்தினால், தேனீக்கள் உள்ளதை வற்றவைத்து மெழுகால் மூடுகின்றன. அறைகளில் முக்கால் பங்காவது மூடப்பட்ட சட்டமே பிழிவதற்கு உரியது. ஈரம் மிகுந்த மலைக்காற்றில் மூடாத அறைகளின் தேன் நீர்த்து, எளிதில் புளித்துவிடும்.

பருவமழை தொடங்கும்முன் கடைசித் தேன் அறை இறக்கப்பட வேண்டும். புழு அறையில் உள்ள தேனோ குடும்பத்துக்கே விடப்பட வேண்டும். நீண்ட மழைக்காலத்தைக் கடக்கும் குடும்பமே அக்டோபரில் பெருகி, அடுத்த ஆண்டின் நாற்பது நாள் கணக்கைத் தொடங்கிவைக்கும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தபோது, தப்பிய குடும்பங்களிலிருந்தே வளர்ப்பு மீண்டும் கட்டப்பட்டது. எஞ்சிய குடும்பத்தின் வலிமையே அடுத்த ஆண்டின் மூலதனம் என்பதை அந்த அனுபவம் உறுதிப்படுத்தியது. தேன் அறையை ஏற்றும் முடிவிலும் இறக்கும் முடிவிலும் வளர்ப்பவர் எடைபோடுவது, இந்த ஆண்டின் தேனையும் அடுத்த ஆண்டின் குடும்பத்தையும் சேர்த்தே. பள்ளிவாசல் சரிவில் அந்தக் கணக்கை ஒவ்வொரு உயரத்திலும், ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.